செத்தும் கெடுத்த போலீசு

டிஸ்கி: ஊத்திக்கிட்ட ஒரு படத்தோட குடும்ப வரலாறு இது. கதை, க்ளைமாக்ஸ் எல்லாம் போற போக்குல வெளிய வரும். படம் பாக்காதவங்க தைரியமா படிக்கலாம், நஷ்டம் ஒண்ணுமில்ல :-)

2013 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. அன்னிக்கு அமெரிக்கத் தியேட்டர்கள்ல மூணு பெரிய படங்கள் ஒண்ணா இறங்குச்சு. ஜேம்ஸ் வானோட பேய்ப்படம் 'தி கான்ஜூரிங்', ப்ரூஸ் வில்லிஸ் நடிச்ச 'ரெட் 2', அப்புறம் இந்தப் பதிவோட நாயகன் 'ஆர்.ஐ.பி.டி.'. கான்ஜூரிங்குக்கு ஆன செலவு 2 கோடி டாலர். முதல் மூணு நாள்லயே 4 கோடியைத் தாண்டிருச்சு. ஆர்.ஐ.பி.டி.க்கு ஆன செலவு குறைஞ்சது 13 கோடி டாலர். மூணு நாள்ல வந்தது ஒண்ணேகால் கோடி சொச்சம். அந்த வாரப் பட்டியல்ல ஏழாவது இடம்.

இதுல ரெண்டு உள்குத்து வேற இருக்கு. ஆர்.ஐ.பி.டி. இயக்குநர் ராபர்ட் ஷ்வென்ட்கே, ஜெர்மன்காரர். 2010-ல 'ரெட்' முதல் பாகத்தை எடுத்து ஹிட்டாக்குனவரு அவர்தான். ரெண்டாம் பாகத்தை வேற ஒருத்தர் எடுத்தாரு. அது இவரோட புதுப்படம் வந்த அதே நாள்ல வந்து, இவருக்கு ரெண்டு இடம் மேல போய் நின்னுச்சு. ஹீரோ ரயன் ரெனால்ட்ஸ் கதை இன்னும் பாவம். ரெண்டு நாள் முன்னாடி, ஜூலை 17-ல, 'டர்போ'ன்னு ஒரு கார்ட்டூன் படம் வந்திருந்துச்சு. ரேஸ்ல ஓட ஆசைப்படுற ஒரு நத்தையோட கதை. அந்த நத்தைக்குக் குரல் கொடுத்தது ரெனால்ட்ஸ். ஆக அந்த வாரம் மனுசனை ஒரு நத்தை ஓவர்டேக் பண்ணுச்சு, அதுவும் அவரோட சொந்தக் குரல்ல!

அந்த ஜூன் மாசம்தான் ஸ்பீல்பெர்க்கும் ஜார்ஜ் லூகாஸும் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல ஒரு மேடையில உக்காந்து பேசுனாங்க. இப்படியே பெரும் பட்ஜெட் படமா எடுத்துத் தள்ளினா, ஒரு நாள் நாலஞ்சு படம் வரிசையா கவுந்து இந்தத் தொழிலோட அடித்தளமே ஆட்டங்காணும்னு ஸ்பீல்பெர்க் சொன்னாரு. ஜூலைல 'தி லோன் ரேஞ்சர்' கவுந்துச்சு, அடுத்து ஆர்.ஐ.பி.டி. உடனே எல்லாரும் "பாத்தீங்களா, பெரியவர் சொன்னது நடந்துருச்சு"ன்னு எழுத ஆரம்பிச்சுட்டாங்க.

எனக்கு இந்த விளக்கம் போதலைங்க. ஆர்.ஐ.பி.டி.யை எடுத்த யுனிவர்சல் ஸ்டூடியோவே அதே வருசம் 'டெஸ்பிகபிள் மி 2', 'ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ் 6'ன்னு காசை அள்ளிக் கட்டுனாங்க. சரி, மக்களுக்குப் பேய் அலுத்துப் போச்சா? கான்ஜூரிங் மொத்தமா உலகம் பூரா 30 கோடி டாலருக்கு மேல வாரிச்சு. அப்ப ஜோடி போலீஸ் கதை அலுத்துப் போச்சா? அதுக்கும் பதில் இருக்கு. ஆர்.ஐ.பி.டி. வர்றதுக்கு மூணே வாரம் முன்னாடி, ஜூன் 28-ல, 'தி ஹீட்' வந்துச்சு. சாண்ட்ரா புல்லக்கும் மெலிசா மெக்கார்த்தியும். ஒண்ணுக்கொண்ணு ஒத்துவராத ரெண்டு பொம்பளை போலீஸ். 4 கோடி சொச்சத்துல எடுத்து 22 கோடிக்கு மேல பாத்தாங்க. கதை நடக்குற ஊர் பாஸ்டன். ஆர்.ஐ.பி.டி. நடக்குற ஊரும் பாஸ்டன்!

அதே ஊரு, அதே சீசன், அதே வகைப் படம். பேய் மேலயும் தப்பில்ல, போலீஸ் மேலயும் தப்பில்ல. பின்ன எங்க கோட்டை விட்டாங்க? இதைச் சொல்லணும்னா இந்த வகைப் படம் எங்கேருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் பின்னாடி போய்ப் பாக்கணும். (பட்டி காப் படம்னு சொல்வாங்க. ஆட்டுப்பட்டி இல்லீங்க, கூட்டாளிங்கிற பட்டி.)

நிறைய பேர் இதுக்கு மூத்த தாத்தான்னு சொல்றது 1949-ல அகிரா குரோசாவா எடுத்த 'ஸ்ட்ரே டாக்' படத்தை. போர்ல தோத்துப்போன டோக்கியோ, கொளுத்துற வெயில். முராகாமின்னு ஒரு இளவட்ட டிடெக்டிவ், தோஷிரோ மிஃபுனே. கூட்டமான பஸ்ல அவரோட துப்பாக்கியை எவனோ அடிச்சிட்டுப் போயிடறான். கூட ஒரு பழம் தின்னு கொட்டை போட்ட பெரியவர் சாட்டோ, தகாஷி ஷிமுரா. ரெண்டு பேரும் தேடிப்போற திருடனும் முராகாமி மாதிரியே போர்லேருந்து திரும்பி வந்தவன். ரெண்டு பேருக்குமே ஊர் திரும்புறப்ப மூட்டை திருடு போயிருக்கு. ஒருத்தன் போலீசாயிட்டான், ஒருத்தன் கொலைகாரனாயிட்டான். பெரியவருக்கு இது புரியல, திருடன்னா திருடன். சின்னவனுக்கு நம்மளும் அப்படி ஆயிருக்கலாமேன்னு உறுத்துது. போர் நடுவுல கிழிச்சுப்போட்ட ரெண்டு தலைமுறையை ஒரே கேஸ்ல நடக்க விட்டுட்டாரு குரோசாவா.

சூத்திரம் இதுதான். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு விரிசல் இருக்கணும். அந்த விரிசல் அவங்க ரெண்டு பேரோட சொந்தக் கோளாறா மட்டும் இருந்தா பத்தாது, அந்த நாட்டுலயே ஓடுற விரிசலா இருக்கணும்.

அமெரிக்காவுக்கு வருவோம். 1967, 'இன் தி ஹீட் ஆஃப் தி நைட்'. மிசிசிப்பியில ஸ்பார்ட்டாங்கிற சின்ன ஊரு. ஒரு கொலை விழுது. ஸ்டேஷன்ல ரயிலுக்குக் காத்திருந்த ஒரு கறுப்பினத்தவரைப் பிடிச்சு உள்ள வைக்கிறாங்க, பாத்தா அவரு பிலடெல்பியாவோட பெரிய துப்பறியும் அதிகாரி வெர்ஜில் டிப்ஸ். சிட்னி பாய்ட்டியர். அவரும் உள்ளூர் வெள்ளைக்கார போலீஸ் தலைவரும் (ராட் ஸ்டைகர்) சேர்ந்து வேலை செய்யணும். பண்ணையார் ஒருத்தர் டிப்ஸை அறைய, டிப்ஸ் உடனே திருப்பி அறைவாரு பாருங்க, அந்த ஒரு அறை அன்னிக்கு அமெரிக்கத் திரையில எப்படி விழுந்திருக்கும்! படத்தோட பெரும்பகுதியை மிசிசிப்பியில எடுக்கல, இல்லினாய்ஸ் மாநிலத்துல எடுத்தாங்க. தெற்குப் பக்கம் போறது தன் உயிருக்கு ஆபத்துன்னு பாய்ட்டியர் நினைச்சதுதான் காரணம். 1968 ஏப்ரல்ல மார்ட்டின் லூதர் கிங் கொலையானதால ஆஸ்கர் விழாவையே ரெண்டு நாள் தள்ளி வச்சாங்க. தள்ளி வச்ச விழாவுல சிறந்த படம் இதுதான். சிறந்த நடிகர் ஸ்டைகர். பாய்ட்டியர் பேரு பரிந்துரையிலயே இல்ல. விரிசல் திரைக்குள்ள மட்டும் இல்லைங்கிறதுக்கு வேற சாட்சி வேணுமா?

1982-ல வால்டர் ஹில் அதே விரிசலை எடுத்து, அதுல சிரிப்பைச் சேத்தாரு. '48 அவர்ஸ்'. நிக் நோல்ட்டி முரட்டு வெள்ளைக்கார போலீஸ். எட்டி மர்ஃபி ஜெயிலேருந்து 48 மணி நேர லீவுல வந்த கைதி. மர்ஃபிக்கு இது முதல் படம், வயசு இருபத்தொண்ணு. வெள்ளைக்காரக் குடிகாரங்க நிறைஞ்ச ஒரு பார்ல மர்ஃபி போலீஸ் பேட்ஜைக் காட்டிட்டு உள்ள நுழைஞ்சு மொத்தக் கூட்டத்தையும் ஆட்டிப்படைப்பாரு. சிரிப்பா வரும், கூடவே வயித்துல லேசா ஒரு பயமும் இருக்கும். அடுத்த நிமிசம் என்ன வேணா நடக்கலாம்ல?

1987 'லெதல் வெப்பன்' இதைவிட ஒரு படி உள்ள போச்சு. எழுதுன ஷேன் பிளாக்குக்கு அப்ப இருபதுகள்லதான் வயசு. இதுலயும் ஒரு வெள்ளைக்காரர், ஒரு கறுப்பினத்தவர். ஆனா அசல் விரிசல் வேற. மெல் கிப்சன் பொண்டாட்டியைப் பறிகொடுத்துட்டு துப்பாக்கிக் குழலை வாயில வச்சுப் பாக்குற ஆளு. டேனி க்ளோவர் அம்பது வயசு நிரம்பி, குடும்பம் குட்டின்னு பத்திரமா ரிட்டயர் ஆக நினைக்கிற ஆளு. சாக நினைக்கிறவனையும் வாழ நினைக்கிறவனையும் ஒரே கார்ல உக்கார வச்சாச்சு. இனிமே காரு எங்க போனாலும் கதைதான். இதை ஞாபகம் வச்சுக்கங்க, செத்தவங்க படத்துக்கு வர்றப்ப வேணும்.

அடுத்த வருசமே, 1988-ல, 'டெட் ஹீட்'ன்னு ஒரு படம் வந்துச்சு. நம்ம ஆர்.ஐ.பி.டி.யோட நேரடி ரத்த உறவு இதுதான். ட்ரீட் வில்லியம்ஸ் போலீஸ், சாகுறாரு. ஒரு மெஷின்ல போட்டு உயிர் கொடுக்குறாங்க. பன்னெண்டு மணி நேரத்துல உடம்பு அழுகிக் கொட்டிரும், அதுக்குள்ள தன்னைக் கொன்னவனைத் தானே கண்டுபிடிக்கணும். கூட்டாளி ஜோ பிஸ்கோப்போ, மர்ஃபியோட டிவி நிகழ்ச்சியில கூட நடிச்சவரு. எழுதுனது யாரு தெரியுமா? டெர்ரி பிளாக். லெதல் வெப்பன் எழுதுன ஷேன் பிளாக்கோட கூடப்பிறந்த அண்ணன்! தம்பி சாக நினைக்கிற போலீசை எழுதினா, அண்ணன் செத்தே போன போலீசை எழுதிட்டாரு. இறைச்சிக்கடையில தொங்குற வாத்தும் மாடும் உயிர் வந்து எந்திரிக்கிற ஒரு காட்சிக்காகவே இன்னிக்கும் இதுக்கு ஒரு ரசிகர் கூட்டம் இருக்கு. தியேட்டர்ல ஓடல. மொக்கைப் படம்தான், மறுக்கல. ஆனாலும் ஹீரோ மூஞ்சி காட்சிக்குக் காட்சி அழுகிட்டே வருது, கடிகாரம் ஓடிட்டே இருக்கு. செத்தவனுக்கும் நேரம் கம்மிங்கிறது அந்த ஏழைப் படத்துக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

ஆர்.ஐ.பி.டி.க்கு இன்னொரு தாய்வழிப் பாட்டி உண்டு. மேலுலகத்தை ஒரு அரசாங்க ஆபீசாக் காட்டுற படங்கள். 1941-ல 'ஹியர் கம்ஸ் மிஸ்டர் ஜோர்டான்', தப்பாக் கூட்டிட்டுப் போன உயிரைத் திருப்பி அனுப்புற கதை. 1946-ல இங்கிலாந்துல 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்', மூடுபனியில ஆளைத் தவறவிட்ட மேலுலக ஊழியர், அதுக்கு ஒரு கோர்ட்டு கேஸ். நமக்கு இதெல்லாம் புதுசா என்ன? சித்திரகுப்தன் பேரேடு பாத்து வளந்தவங்கதானே நாம. 'யமனுக்கு யமன்' சிவாஜியையும் 'அதிசயப் பிறவி' ரஜினியையும் பாத்தவனுக்கு மேலுலக க்ளார்க்குங்க வேலையில சொதப்புறது ரொம்பப் பழகின விசயம்.

1997-ல வந்த 'மென் இன் பிளாக்' இந்த ரெண்டு குடும்பத்தையும் கட்டி வச்சுது. பேய்க்குப் பதிலா வேற்று கிரகவாசி, மேலுலக ஆபீசுக்குப் பதிலா ரகசிய ஆபீஸ். கிட்டத்தட்ட 59 கோடி டாலர் வசூல். எல்லாரும் பாத்தது கலர் கலரான ஜந்துங்களையும், பளபள துப்பாக்கியையும். எனக்கு அந்தப் படம்னா ஒரே ஒரு காட்சிதான். டாமி லீ ஜோன்ஸ், உலகத்துல எதையும் பாத்து அசராத மனுசன், சாட்டிலைட் கேமராவுல ஒரு பெண்ணைப் பாத்துட்டு நிப்பாரு. தோட்டத்துல வேலை செஞ்சிட்டிருப்பாங்க. இந்த வேலைக்காக அவரு விட்டுட்டு வந்த பெண். ஒரு சில நொடிதான். அதுல அந்த வேலையோட மொத்த விலையும் தெரிஞ்சிரும்.

இந்த வெற்றிக்கு ரெண்டு வருசம் கழிச்சு, 1999-ல, டார்க் ஹார்ஸ் கம்பெனி நாலு இதழ்ல ஒரு காமிக்ஸ் போட்டாங்க. பேரு ஆர்.ஐ.பி.டி. எழுதுனவரு பீட்டர் லென்கோவ், ஸ்டாலோனோட 'டெமாலிஷன் மேன்' திரைக்கதையில பங்கு உள்ளவரு. 'தி மாஸ்க்' படமும் டார்க் ஹார்ஸ் சரக்குதான்கிறதால சினிமாக்காரங்களுக்கு அந்தக் கடை நல்லாவே பழக்கம். ஆனாலும் இது படமாகி வெளிய வர பதினாலு வருசம் ஆச்சு. நடுவுல இயக்குநர் மாறுனாரு, முதல்ல பேசி வச்ச ஸாக் காலிஃபியனாகிஸ் விலகி ஜெஃப் பிரிட்ஜஸ் வந்தாரு. பொட்டி தட்டுற மக்களுக்கு இந்தக் கதை தெரியும். ஒரு ப்ராஜெக்ட் பத்து வருசம் கை மாறிக்கிட்டே இருந்தா, எந்தப் பிரச்சினையைத் தீர்க்க ஆரம்பிச்சாங்கங்கிறது யாருக்குமே ஞாபகம் இருக்காது. ஸ்க்ரீன் மட்டும் அழகா இருக்கும்.

சரி, படத்துக்குள்ள போவோம். நிக் (ரெனால்ட்ஸ்) பாஸ்டன் போலீஸ். ஒரு ரெய்டுல கிடைச்ச தங்கத்தை கூட்டாளி ஹேய்ஸோட (கெவின் பேகன்) சேர்ந்து அமுக்கிடறான். மனசு உறுத்த, திருப்பிக் கொடுத்துடலாம்கிறான். அடுத்த ரெய்டுல கூட்டாளியே அவனைப் போட்டுத் தள்ளிடறான். செத்து மேல போற வழியில ஒரு ஆபீசுக்கு இழுத்துட்டுப் போறாங்க. "நூறு வருசம் எங்ககிட்ட வேலை பாரு, இல்லேன்னா தீர்ப்புக்குப் போ." பூமியில ஒளிஞ்சு வாழுற செத்தவங்களைப் பிடிக்கிற வேலை. கூட்டாளி ராய் (பிரிட்ஜஸ்), 1800-கள்ல வாழ்ந்த மார்ஷல். ஒளிஞ்சிருக்கிற செத்தவங்களோட அசல் உருவத்தை வெளிக்கொண்டு வர்றது எது தெரியுமா? சீரகம்! இந்தியச் சாப்பாட்டு வாசம் பட்டா வேஷம் கலைஞ்சிரும். ரசம் வைக்கிற வீட்டுப்பக்கம் ஒரு பய தலைகாட்ட முடியாது :-)

முதல் பதினஞ்சு நிமிசத்துல எவ்ளோ சரக்கு இருக்குன்னு பாருங்க. லஞ்சம் வாங்குன போலீஸ், அதை மறைச்ச போலீஸ், கூட்டாளியோட துரோகம், ஒண்ணுமே தெரியாத பொண்டாட்டி. அதுக்கப்புறம் படம் இது எல்லாத்தையும் ஓரமா வச்சுட்டு, ஒரு மந்திரக்கோல், வானத்துல ஒரு பெரிய சுழல், உலகம் அழியப் போகுதுன்னு ஓட ஆரம்பிச்சிருது. ஆத்மாவையே அழிக்கிற தோட்டான்னு ஒரு விதி வச்சிருக்காங்கதான். ஆனா கட்டடத்து மேலேருந்து விழுந்து தூசி தட்டிட்டு எந்திரிக்கிறவங்களுக்காக நாம எதுக்குப் பதறணும்? லெதல் வெப்பன்ல ஒருத்தன் சாகத் துணிஞ்சதுதான் கதை. இங்க ரெண்டு பேரும் ஏற்கனவே செத்தாச்சு. அப்ப அவங்களுக்கு இன்னும் எதை இழக்க முடியும்னு படம் யோசிச்சிருக்கணும்ல?

எனக்கு நிஜமாவே வயித்தெரிச்சல் ராய் கேரக்டர்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டு மார்ஷலையும் 2013 போலீசையும் ஒரே கார்ல உக்கார வச்சிருக்காங்க. இதைவிடப் பெரிய விரிசல் இந்த வகைப் படத்துல எவனுக்காவது கிடைச்சிருக்கா? ஆனா ராய் பேசுறது என்ன? தன் தொப்பியைப் பத்தி. செத்தப்புறம் தன் உடம்பைக் கொயோட்டி ஓநாய்ங்க தின்னதைப் பத்தி. ஒரு தடவை சிரிக்கலாம். அவ்வளவுதான்.

அமெரிக்க மார்ஷல் பதவி 1789-ல சட்டம் போட்டு உருவாக்குனது. 1850-ல இன்னொரு சட்டம் வந்துச்சு. தெற்கேருந்து தப்பிச்சு வடக்க ஓடிவந்த அடிமைகளைப் பிடிச்சு முதலாளிகிட்ட ஒப்படைக்கணும், அதுக்கு மார்ஷல்கள் துணை நிக்கணும். 1854 மே மாசம் இதே பாஸ்டன்ல ஆண்டனி பர்ன்ஸ்னு ஒரு இளைஞரைப் பிடிச்சாங்க, வர்ஜீனியாவிலேருந்து தப்பி வந்தவரு. அவரை மீட்க ஒரு கூட்டம் ராத்திரியில கோர்ட்டுக் கதவை உடைச்சுது, மார்ஷலுக்குக் காவல் நின்ன ஒருத்தர் அதுல செத்தாரு. ஜூன் 2-ம் தேதி தெரு நெடுக ராணுவத்தை நிறுத்தி, பர்ன்ஸை நடக்க வச்சே கப்பலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கட்டடங்கள்ல துக்கத்துக்குக் கறுப்புத் துணி. தெருவுக்குக் குறுக்க ஒரு சவப்பெட்டியைத் தொங்கவிட்டிருந்தாங்க, அதுமேல 'சுதந்திரம்'னு எழுதி. அடுத்த வருசம் பாஸ்டன்காரங்க பணம் திரட்டி அவரை விலைக்கு வாங்கி விடுதலை செஞ்சாங்க.

அதே பதவியில அடுத்த காலத்துல யாரு இருந்தா பாருங்க. பாஸ் ரீவ்ஸ். அடிமையாப் பொறந்தவரு, 1875 வாக்குல துணை மார்ஷல் ஆனாரு. அர்கன்சாவுல ஃபோர்ட் ஸ்மித் கோர்ட்டுக்குக் கீழ ஆரம்பிச்சு, மொத்தமா முப்பது வருசத்துக்கு மேல வேலை. பொண்டாட்டியைக் கொன்ன சொந்த மகனைக் கைது பண்ண தானே போனவரு. மனுநீதிச் சோழனை நமக்குத் தெரியும், அமெரிக்காக்காரனுக்கு இவரு. அந்த ஃபோர்ட் ஸ்மித்தும் பிரிட்ஜஸுக்குப் புதுசில்ல. 2010-ல 'ட்ரூ கிரிட்'ல அவரு நடிச்ச ஒத்தைக்கண் துணை மார்ஷல் அதே கோர்ட்டு ஆளுதான். அந்தக் கரகரக் குரலை அப்படியே எடுத்துட்டு வந்துதான் ராய்க்கும் போட்டிருக்காரு. குரல் வந்துச்சு, குரலுக்குப் பின்னாடி இருந்த ஊரு வரல.

மார்ஷல் வேலைன்னா அந்தக் காலத்துல அடிமையைப் பிடிச்சுக் கொடுக்குறதும் இருந்துச்சு, அடிமையாப் பொறந்தவரு போட்ட பேட்ஜாவும் இருந்துச்சு. இந்த மாதிரி ஒரு ஆளு, 2013 பாஸ்டன்ல திருட்டுத் தங்கம் வச்சிருந்த ஒரு போலீசைப் பாத்து என்ன கேட்பான்? சட்டம்னா எதுன்னு ரெண்டு பேரும் ஒரு தடவையாவது முட்டிக்கிட்டிருந்தா கூட போதும், படம் வேற எங்கயோ போயிருக்கும்.

இன்னொரு தங்கத்தையும் கையில வச்சுக்கிட்டே தொலைச்சாங்க. செத்த போலீஸ் ரெண்டு பேரும் உயிரோட இருக்கிறவங்க கண்ணுக்கு வேற உருவத்துல தெரிவாங்க. ராய் ஒரு அழகான மாடல் பெண்ணா. நிக் ஒரு வயசான சீனத் தாத்தாவா. நிக் தன்னோட சாவுக்குப் போறான். பொண்டாட்டிகிட்ட நெருங்குறான். அவளுக்குத் தெரியறது யாரோ ஒரு சீனக் கிழவர். நிக் துப்பாக்கியை நீட்டினா, பாக்குறவங்களுக்குக் கிழவர் வாழைப்பழத்தை நீட்டிட்டு நிக்கிற மாதிரி தெரியும். படத்துல ஜனங்க சிரிச்ச இடம் இதுதான்னு நினைக்கிறேன்.

அந்தத் தாத்தா ஜேம்ஸ் ஹாங். 1929-ல மினியாபொலிஸ்ல பொறந்த அமெரிக்கர். நம்ம ஆளுதாங்க, இன்ஜினியரு! சிவில் படிச்சுட்டு லாஸ் ஏஞ்சலஸ்ல ரோடு போடுற வேலை பாத்துட்டு அப்புறம் நடிக்க வந்தவரு. 'சைனாடவுன்', 'பிளேட் ரன்னர்', 'பிக் ட்ரபிள் இன் லிட்டில் சைனா', 'குங்ஃபூ பாண்டா'ல நூடுல்ஸ் கடை அப்பா குரல்னு நூத்துக்கணக்குல நடிச்சிருக்காரு. சீன முகம்னா எடுபிடி வேலைக்காரன், வில்லன், இது ரெண்டும்தான் கிடைக்குதுன்னு வெறுத்துப்போய் 1965-ல வேற சிலரோட சேர்ந்து ஈஸ்ட் வெஸ்ட் ப்ளேயர்ஸ்ங்கிற நாடகக் குழுவை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். ஆசிய அமெரிக்க நடிகர்களுக்குன்னு இருக்குற குழு, இன்னிக்கும் இயங்குது.

ஒரு வெள்ளைக்கார போலீஸ் செத்து, தன் சொந்த ஊர்லயே சீனக் கிழவனா நடக்குறான். எவனும் அவனை மதிக்கல, பொண்டாட்டி கூட பயந்து விலகுறா. இதுதாங்க 1967-லேருந்து இந்த வகைப் படங்கள் தோண்டிக்கிட்டிருந்த அதே விரிசல். இந்தத் தடவை அது ஹீரோவோட உடம்புலயே ஓடுது. அதை வச்சு எடுத்தது வாழைப்பழ ஜோக்! ஹாங்குக்கு மொத்தமாக் கிடைச்சது அங்கங்க சில நொடிங்க. ஹாலிவுட் வீதியில அவருக்கு நட்சத்திரக் கல்லு பதிச்சது 2022-ல, அப்ப வயசு 93.

மிச்சக் கணக்கையும் சொல்லிடறேன். ஆர்.ஐ.பி.டி. உலகம் பூரா சுத்தி முடிச்சப்ப கையில வந்தது 7.8 கோடி டாலர். 1982-ல '48 அவர்ஸ்' அமெரிக்காவுல மட்டுமே அதைவிடக் கொஞ்சம் அதிகம் வசூல் பண்ணுச்சு. விலைவாசியைக் கணக்குல எடுக்காமயே! அந்தப் படத்துல ஒரு பாரு, ஒரு காரு, ரெண்டு பேரு, அவ்வளவுதான் செலவு.

சம்பந்தப்பட்டவங்க யாரும் கெட்டுப் போகல. ரெனால்ட்ஸ் 2016-ல 'டெட்பூல்' எடுத்து எல்லாத்தையும் வட்டியோட வசூல் பண்ணிட்டாரு. ஷ்வென்ட்கே 2017-ல சொந்த நாட்டுக்குப் போய் 'டெர் ஹாப்ட்மன்'னு ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தாரு. 1945, போர் முடியற நேரம், ஓடிப்போன ஒரு சிப்பாய் கையில கேப்டன் யூனிஃபார்ம் ஒண்ணு கிடைக்குது. போட்டுக்கிறான், அதிகாரியாவே மாறிடறான், கொல்ல ஆரம்பிக்கிறான். நடந்த கதை. சட்டையை மாத்தினா ஊர் கண்ணுக்கு நீ யாரா தெரிவேங்கிற அதே கேள்வியை எடுத்து, ரத்தம் உறைய வச்சிருக்காரு. இதே மனுசன்தான் வாழைப்பழத்தையும் எடுத்தாருன்னா நம்ப முடியல.

பிரிட்ஜஸ் 2016-ல 'ஹெல் ஆர் ஹை வாட்டர்'ல மறுபடி போலீஸ் ஆனாரு. டெக்சாஸ் ரேஞ்சர், ரிட்டயர் ஆகப் போற கிழவர். கூட்டாளி கில் பர்மிங்ஹாம், பாதி கொமான்ச்சி இனம், பாதி மெக்சிகன். படம் பூரா பிரிட்ஜஸ் அவரைச் சாதி சொல்லிக் கிண்டல் பண்ணிட்டே வர்றாரு. அவரும் பொறுத்துக்கிட்டே வர்றாரு. ஒரு இடத்துல, எதிர்ல இருக்குற பேங்க்கைப் பாத்துக்கிட்டே கூட்டாளி சொல்வாரு, இந்த நிலமெல்லாம் எங்க முன்னோருங்களோடது, இவங்க தாத்தாக்கள் பிடுங்கிக்கிட்டாங்க, இப்ப இவங்ககிட்டேருந்து பேங்க்குக்காரன் பிடுங்குறான்னு. கொஞ்ச நேரத்துல ஒரு குண்டு. கூட்டாளி காலி. கிண்டல் பண்ணிட்டிருந்த கிழவர் மூஞ்சி அப்ப என்னென்னமோ ஆகும், சிரிப்பா அழுகையான்னே பிரிக்க முடியாது. செலவு 1.2 கோடி டாலர். ஆர்.ஐ.பி.டி. பட்ஜெட்டுல பத்துல ஒரு பங்கு கூட இல்ல.

2022-ல சத்தமில்லாம 'ஆர்.ஐ.பி.டி. 2' வந்துச்சு, தியேட்டருக்கு வராம நேரா வீட்டுக்கு. 1876-ல நடக்குற முன்கதை, ராயா நடிச்சது ஜெஃப்ரி டோனவன். இதுல செத்த மார்ஷல் ஊர் கண்ணுக்கு ஒரு கறுப்பினப் பெண்ணா தெரிவாரு. 1876 அமெரிக்காவுல! யாரோ ஒருத்தருக்கு எங்க தோண்டணும்னு பொறி தட்டியிருக்கு. அதுக்குள்ள காசு தீந்துபோச்சு போல, மேலாக்கக் கீறிட்டு விட்டுட்டாங்க.

'டெட் ஹீட்' பாத்த புண்ணியவான்கள் யாராவது இருந்தா பின்னூட்டத்துல கையைத் தூக்குங்க. அந்த இறைச்சிக்கடை சீனைப் பத்திப் பேச எனக்கு ஒரு ஆளு வேணும். இப்ப ஆணி கூப்பிடுது, ஜூட்.